பதாங் சாப்பாடு: மேசை நிறைய வரும் தட்டுகளில் எதைத் தொடுவது?

இந்தோனேசியாவில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பதாங் உணவகம் கண்ணில் படும். பதாங் என்பது மேற்கு சுமத்ராவின் தலைநகர்; அந்தப் பகுதியின் மினாங்கபாவ் மக்களுடைய சமையல் இது. தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் கறித்தட்டுகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம்.

பெரிய கடைகளில் 'ஹிடாங்' முறை. உட்கார்ந்ததும் பரிமாறுபவர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை தட்டுமேல் தட்டாக அடுக்கிக்கொண்டு வந்து, பத்துப் பதினைந்து வகைகளை மேசையில் பரப்பிவிடுவார். எதையும் நாம் கேட்டிருக்க மாட்டோம். பயப்பட வேண்டாம், சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. ஒரு தட்டில் இரண்டு துண்டு இருந்து ஒன்றை எடுத்தால், ஒன்றுக்குத்தான் கணக்கு. தொடாத தட்டு அப்படியே அலமாரிக்குத் திரும்பும். அதனால் 'சும்மா ருசி பார்க்கலாம்' என்று கரண்டியை விடக் கூடாது. வேண்டாத தட்டுகளை முதலிலேயே மேசை ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள், முக்கியமாகக் குழந்தைகள் இருந்தால். மேசையில் ஏற்கெனவே இருக்கும் அப்பளப் பொட்டலமும் வாழைப்பழமும் இலவசம் இல்லை, பிரித்தால் கணக்கில் ஏறும்.

இரண்டு பேருக்கு ஆளுக்கொரு கறித்துண்டு, பொதுவில் ஒரு கீரை, ஒரு குழம்பு, ஒரு சம்பல் (மிளகாய்த் துவையல்) போதும். இதற்கு மேல் எடுத்தால் தேங்காய்ப்பால் திகட்டிவிடும்.

முதலில் ரெண்டாங். மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பால், மிளகாய், பேரரத்தை, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலையோடு மணிக்கணக்காகக் கிண்டுவார்கள். குழம்பாக இருக்கும்போது அது 'குலாய்'. சுண்டிக் கெட்டியானால் 'காலியோ'. நீரெல்லாம் வற்றி, பிரிந்த எண்ணெயிலேயே கறி வறுபட்டுக் கருத்தால்தான் ரெண்டாங். அவசரப்பட்ட கடைகளில் வருவது பெரும்பாலும் காலியோதான். பார்த்தே சொல்லிவிடலாம்: தட்டைச் சாய்த்தால் பழுப்புக் குழம்பு ஓடக் கூடாது. துண்டைச் சுற்றி ஈரமணல் போலக் கருத்த மசாலா ஒட்டியிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரிய வேண்டும், ஆனால் குழையக் கூடாது. சமைத்த அன்றைவிட மறுநாள் இன்னும் ருசி, ஆறியிருப்பது குறையே இல்லை.

'ஆயாம் பொப்' வெளுத்துப்போய், வேகாத கோழி மாதிரி தெரியும். பலர் இதனாலேயே ஒதுக்கிவிடுவார்கள், அது பெரிய இழப்பு. பூண்டோடு இளநீரில் வேகவைத்துச் சூடான எண்ணெயில் ஒரு முக்கு முக்கி எடுத்தது. கூட வரும் சிவப்புச் சம்பலோடுதான் சாப்பிட வேண்டும். 'தெண்டெங் பாலாடோ' மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று பொரித்த மாட்டிறைச்சி. பாயா பிடித்தவர்கள் 'குலாய் துஞ்சாங்' கேளுங்கள், மாட்டுக்கால் நரம்பு. 'ஓத்தாக்' மூளை, 'பாரு' நுரையீரல். பெயர் தெரியாமல் எடுத்துவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு. தேங்காய்ப்பால் வேண்டாதவர்களுக்கு 'ஆசாம் பாடே' மீன் இருக்கிறது. அதன் புளிப்பு, நம் குடம்புளியின் உறவான ஆசாம் கண்டிஸிலிருந்து வருவது.

சைவர்களுக்கு இந்த மேசை கொஞ்சம் சிக்கல். அவித்த மரவள்ளிக் கீரையும் பச்சை மிளகாய்ச் சம்பலும் சைவம் போலத் தெரியும், ஆனால் சம்பலில் நெத்திலி சேர்ப்பதுண்டு. பலாக்காய்க் குழம்பிலும் மாட்டுக் கொழுப்போ எலும்போ போட்டிருக்கலாம். சோற்றின் மேல் கறிக்குழம்பை ஊற்றித் தருவது வழக்கம் என்பதால், 'தான்பா குவா' (குழம்பு வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் போவது நல்லது. காலையில் சமைத்ததுதான் நாள் முழுக்க வரும், மாலையில் பொரியல் வகைகள் நமத்திருக்கும். கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர் கை கழுவ, குடிக்க அல்ல. வலது கையால் பிசைந்து சாப்பிடலாம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். சோறு இன்னும் வேண்டுமென்றால் மினாங் மொழியில் 'தம்புவா சியெக்' என்று குரல் கொடுங்கள். முடித்ததும் 'ஹித்தூங்' என்றால் மேசைக்கே வந்து தட்டுகளை எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்வரை காலித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், கணக்கு குழம்பிவிடும்.