ஜீவனாம்ச நிலத்துக்கு மேற்கு

மாயவரத்துக்குக் கிழக்கே எங்களுக்கு மூன்று மா நஞ்சை இருக்கிறது. அப்பாவின் அம்மாவை நாங்கள் அப்பாயி என்போம். அந்த நிலம் அப்பாயி வழியாக வந்தது, அப்பாயிக்கு அவருடைய அம்மாவிடமிருந்து, அதாவது எங்கள் பூட்டியிடமிருந்து வந்தது. பெண்ணுக்கு நகை போட்டு அனுப்புவதோடு சரி என்றிருந்த காலத்தில், அம்மாவிடமிருந்து மகளுக்கு நிலம் எப்படி வந்தது என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "பூட்டி சின்ன வயசுலயே தாலியறுத்துட்டாங்க. கொழுந்தன்மார் பாவம் பார்த்துக் கொடுத்த நிலம்."

அப்பா இறந்த பிறகு பட்டா மாற்றுவதற்காகத் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு கிஸ்தி ரசீது, அதாவது நிலவரி கட்டிய ரசீது, கிடந்தது. பசலி 1348. பசலி என்பது நிலவரிக் கணக்கு வருஷம். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அதாவது 1938-39. கட்டியவர் பெயர் பூட்டி. பாவம் பார்த்துக் கொடுத்த நிலமென்றால் தீர்வை ரசீது கொழுந்தன் பெயரில் அல்லவா இருக்கவேண்டும்? அந்த ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

முதல் வேலை, பழைய சர்வே எண்ணைக் கண்டுபிடிப்பது. நம்மிடம் இருக்கும் சிட்டா எல்லாம் யூடிஆர் என்கிற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையவை. அது 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கர், செண்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது, பல இடங்களில் உட்பிரிவு எண்களும் மாறின. பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் இடம் கிராமத்தின் 'அ' பதிவேடு. அதில் எங்கள் நிலத்தின் பழைய எண்ணை எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது வில்லங்கம், அதாவது அந்த நிலத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்களின் பட்டியல். ஆன்லைனில் எனக்கு 1975-க்கு இந்தப் பக்கம்தான் கிடைத்தது. அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு, கையால் எழுதிய அட்டவணைகளில் தேடச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். ஊர் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கேயே பழைய வருஷங்களுக்கும் பணம் கட்டினேன். 'வில்லங்கம் இல்லை' என்று வந்தது. எப்படி இருக்கும்? அந்த அலுவலகம் பிறகு பிரிந்து வந்தது. முந்தைய புத்தகங்கள் தாய் அலுவலகத்தில் இருந்தன. மாவட்டமும் அப்படித்தான். 1991 வரை நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம், 2020-லிருந்து மயிலாடுதுறை. எந்த வருஷத்துக் காகிதம் வேண்டுமோ, அந்த வருஷத்தில் ஊர் எதற்குள் இருந்தது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காசும் நாளும் மிச்சமாகும்.

தாய் அலுவலகத்தில் 1958-ஆம் வருஷப் பத்திரம் ஒன்று கிடைத்தது. தான செட்டில்மெண்ட். பூட்டி தன் மகளுக்கு, "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" எழுதிக் கொடுத்தது. பத்திரத்தின் வாசகத்தைவிட, பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதும் குறிப்பை நான் பலமுறை படித்தேன். உடம்பு முடியாதவர் என்பதால் வீட்டுக்கே நேரில் வந்து பதிந்ததாக அதில் இருந்தது. இடது கைப் பெருவிரல் ரேகை. அடையாளம் காட்டிய இரண்டு பேரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில். குடும்பம் தேடுகிறவர்கள் இந்தப் பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. அடையாளம் காட்ட அந்நியரைக் கூப்பிட மாட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் பூட்டியின் தாய்மாமன் மகன் என்று அத்தை சொல்லித்தான் தெரிந்தது. பூட்டி பிறந்த ஊர் எது என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆனால் நிலம் பூட்டிக்கு எப்படி வந்தது என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. "எனக்குப் பாத்தியமாய் என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவருகிற" என்றதோடு நின்றது. அந்த சர்வே எண்ணுக்கு 1958-க்கு முன்னால் வேறு பதிவே இல்லை. நான்கு மாதம் அப்படியே கிடந்தது.

பத்திர எழுத்தர் ஒரு பெரியவர்தான் வழி சொன்னார். "உங்க நிலத்தைத் தேடாதீங்க தம்பி. பக்கத்து நிலத்துக்காரன் பத்திரத்துல நாலு எல்லையைப் பாருங்க." சுற்றியிருந்த நான்கு எண்களுக்கும் மனு போட்டேன். 1931-ல் எழுதிய ஒரு கிரையப் பத்திரத்தில், சொத்து விவரத்தில், இப்படி இருந்தது: இன்ன அம்மாள் ஜீவனாம்ச நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு. அந்த இன்ன அம்மாள் எங்கள் பூட்டி.

ஜீவனாம்சம் என்ற அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. பிரிக்காத கூட்டுக் குடும்பச் சொத்தில் விதவைக்கு 1937-ஆம் வருஷச் சட்டம் வரும்வரை பங்கு கிடையாது. மகன் இருந்தால் அவன் பங்கைக் கேட்கலாம். பூட்டிக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. சோற்றுக்கும் துணிக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம், அவ்வளவுதான். அதையும் தராவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். கோர்ட் டிக்ரி மூலமாக நிலம் வந்திருந்தால், அந்தக் காலத்தில் அதைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. வில்லங்கத்தில் அது வராததற்குக் காரணம் அதுதான்.

வக்கீல் நண்பர் ஒருவர் மூலம் முன்சீப் கோர்ட்டில் மனு போட்டோம். வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். எங்களுடையதும் அப்படிப் போய்விட்டது. ஆனால் வழக்குப் பதிவேடும் டிக்ரியும் இருந்தன. எண் தெரியாமல், 1924-லிருந்து வருஷம் வருஷமாகப் பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. பெண்களை அவர்கள் பெயரோடு மட்டும் எழுதுவதில்லை. இன்னார் மகள், இன்னார் விதவை என்று வரும். அதனால் பூட்டன் பெயரையும் பூட்டன் தகப்பனார் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டே தேடினோம். 1926-ஆம் வருஷப் பக்கங்களில் இருந்தது. வாதி பூட்டி. பிரதிவாதிகள் கொழுந்தன்மார் இருவர். பக்கத்தில், பாப்பர் என்ற குறிப்பு.

கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் வழக்குப் போட அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்திருக்கிறது. 1927-ல் ராஜி, அதாவது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட சமரசம். மூன்று மா நஞ்சையை ஆயுள் வரைக்கும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கக் கூடாது, காலத்துக்குப் பிறகு கொழுந்தன்மாருக்கே சேரும். பிறகு 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 14-ஆம் பிரிவு, ஜீவனாம்சத்துக்குப் பதிலாகப் பெண் வைத்திருந்த நிலத்தையும் அவளுக்கே முழுச் சொத்தாக்கியது. இரண்டு வருஷம் கழித்து, படுத்த படுக்கையாக இருந்தபோதும் சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்து மகள் பேருக்கு மாற்றியிருக்கிறார். சட்டத்தைப் பற்றி யார் அவருக்குச் சொன்னார்களோ, அவர்களைத் தேடிப்போய்க் கும்பிட வேண்டும்போல் இருக்கிறது.

இனாம் நிலம் இருந்த குடும்பங்களுக்கு இன்னும் பின்னால் போக வழி உண்டு. 1860-களில் இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகளில் அனுபவதாரரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, வாரிசுகள் யார் என்றெல்லாம் தனித்தனிக் கட்டம் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். எங்களுக்கு இனாம் இல்லை. எங்களுக்கு இருந்தது எதிர்த்தரப்புக்காரர் வீடு.

வழக்கில் ஜெயித்தவர்களைவிட எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று வக்கீல் நண்பர் சொன்னார். கொழுந்தன் வழிப் பேரன் ஒருவர் அதே ஊரில் இருக்கிறார். முறைக்கு எனக்கு மாமா. இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை. தயங்கித் தயங்கித்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்று கூட்டிப்போய், பரணிலிருந்து துணிமூட்டை ஒன்றை இறக்கினார். கோர்ட்டில் வாங்கிய நகல்கள். அதில் பூட்டி கொடுத்த பாப்பர் மனுவும் இருந்தது.

அந்த மனுவோடு, தன்னிடம் இருக்கும் சொத்து அத்தனையையும் மதிப்போடு பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும் என்பது விதி. பூட்டியின் பட்டியலில் நான்கு வரிதான்.

பித்தளைக் குடம் 1, ரூ. 3
வெண்கலப் பானை 1, ரூ. 4
மரப்பெட்டி 1, ரூ. 1-8-0
கறவை நின்ற பசு 1, ரூ. 15

கீழே மொத்தம் ரூ. 23-8-0, அதாவது இருபத்து மூன்று ரூபாய் எட்டணா, என்று போட்டு, பக்கத்தில் ரேகை. மாமா போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். காகிதம் மடிப்பில் கிழியாமல் இருக்க அவரே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி அத்தைக்குப் போன் செய்து மனுவை முழுக்கப் படித்துக் காட்டினேன். அத்தை குறுக்கே பேசவில்லை. பட்டியல் முடிந்ததும் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்தப் பசுவையாவது பூட்டிக்கிட்டயே விட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.

டிக்ரியை எடுத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அதில் பசுவைப் பற்றி ஒன்றும் இல்லை.