ராயபுரம் வெயிலுக்கு ஒரு நீலம்

எங்கள் பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கு நிறம் முடிவாகிவிட்டது. வெட்ஜ்வுட் ப்ளூ. லேசாகச் சாம்பல் கலந்த வெளிர் நீலம். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிவப்பு அடிக்காமல் யாராவது நீலம் அடிப்பார்களா என்று தெருவில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

வண்டி 1969 மாடல், மார்க் 3, 1296 சிசி. நீலகிரியில் ஒரு எஸ்டேட் வீட்டிலிருந்து வாங்கியது. சென்னைக்காரர்களுக்கு ஸ்பிட்ஃபயர் ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு. வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நினைவிருக்கும். அந்த ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கி, மாற்றி, அதன்மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. முன்பக்க சஸ்பென்ஷன் பற்றித் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இன்னும் இங்கே இருப்பது அதனால்தான்.

வாங்கும்போது வண்டி கறுப்பு. ஆர்.சி.யிலும் கறுப்புதான். ஆனால் பானட்டைத் தூக்கினால் தெரியும் தகட்டில் பெயிண்ட் எண் 32 என்று அடித்திருந்தது. ட்ரையம்ஃப் கம்பெனியின் எண்முறை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டாவது இலக்கம் நிறம், முதல் இலக்கம் அதில் எந்தச் சாயல் என்பது. 2 என்றால் சிவப்பு, 4 மஞ்சள், 5 பச்சை, 6 நீலம், 9 வெள்ளை. ஆக 32 என்பது சிக்னல் ரெட். கதவு ஓரத்தில் கறுப்பைச் சுரண்டினால் அடியில் அதே சிவப்பு. "கம்பெனி கலரே சிவப்பு, அப்புறம் என்ன யோசனை?" என்றார்கள்.

நண்பன் ஒருவன் மட்டும் பச்சைதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனும் நானும் சின்ன வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிக்கொண்டு போகும், வெயிலும் புழுதியுமாக நாள் முழுக்க நிற்போம். பிரிட்டிஷ் காருக்குப் பச்சை என்பது அவன் வாதம். 1903 கார்டன் பென்னெட் கார் பந்தயம் அயர்லாந்தில் நடந்தபோது இங்கிலாந்தின் நேப்பியர் கார்கள் பச்சையில் ஓடின, அதிலிருந்து பச்சை இங்கிலாந்துக்கு நிலைத்தது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். எனக்கும் அந்தப் பச்சைமேல் ஆசைதான். ஆனால் நம் நாட்டில் ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. பழைய பந்தயப் பச்சைகளில் சில அதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் "இது அந்தப் பச்சை இல்லை சார்" என்று விளக்க எனக்கு இஷ்டமில்லை. நிறம் மாற்றினால் எப்படியும் அங்கே போய் ஆர்.சி.யில் திருத்தியாக வேண்டும்.

பச்சையைக் கைவிட்டதற்கு உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்லிக்கொடுத்தவர் வியாசர்பாடியில் ஷெட் வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன். கலர் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. "அட்டையில பாக்காத தம்பி. தகரத்துல அடிச்சுத் தரேன், உன் வீட்டு வாசல்ல வெச்சுப் பாரு" என்றார். பழைய பைக் மட்கார்டுகளில், வளைவு இருக்கிற தகரமாகப் பார்த்து, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் அடித்துக் கொடுத்தார். தட்டையான அட்டையில் ஒரே நிறமாகத் தெரிவது வளைந்த தகரத்தில் மூன்று நிறமாகத் தெரியும்: வெயில் படும் மேல்பக்கம், நடுப்பக்கம், நிழல் விழும் அடிப்பக்கம்.

அவற்றை ராயபுரத்தில் எங்கள் வாசல் திண்ணையில் வைத்தோம். காலையில் காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் வெளிச்சத்தில் பச்சை அத்தனை அழகு. பதினோரு மணிக்குமேல் நம் வெயில் தலைக்கு நேரே இறங்கியதும் மேல்பக்கம் வெறும் வெள்ளைப் பளபளப்பு, அடிப்பக்கம் கறுப்பு. நடுவில் பச்சை என்று சொல்ல ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. மேகமூட்டமான ஊரில் நாள் முழுக்க அந்த ஆழம் தெரியும், இங்கே தெரியாது. சாயங்காலத்துக்குள் எல்லாத் தகரத்திலும் புழுதி. எண்ணூர், மணலி இருக்கிற திசையில் வாழ்கிறவர்களுக்கு அந்த மெல்லிய சாம்பல் நிறத் தூசி தெரியும். பச்சையில் விரலால் பெயர் எழுதலாம். நீலத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது.

சிவப்பு என் மகளின் கட்சி. அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சிவப்புச் சாயம் பலதும் புற ஊதாக் கதிருக்குச் சீக்கிரம் வெளுக்கும். எங்களுக்கு மூடிய கார் ஷெட் கிடையாது, தகரக் கூரை மட்டும்தான். வெளிர் நீலத்தில் பெரும்பங்கு டைட்டானியம் வெள்ளை, கூடச் சேர்க்கும் தாலோ நீலம் என்ற சாயமும் வெயிலை நன்றாகத் தாங்கும்.

அவள் மனம் மாறியது என் பேச்சால் அல்ல, வண்டியைப் பார்த்து. பழைய பெயிண்டை உரித்து, பட்டி பார்த்து, சாம்பல் பிரைமர் அடித்து நிறுத்தியிருந்தார் அண்ணன். மார்க் 3 வரைக்கும் முன் மட்கார்டுகளின் உச்சியில் நீளவாக்கில் ஒரு இணைப்புக் கோடு ஓடும். மார்க் 4-இல் அதை எடுத்துவிட்டார்கள். கறுப்பில் இத்தனை நாள் அது கண்ணிலேயே பட்டதில்லை. பிரைமரில் அதன் ஓரமாகப் பென்சில் கீறல் போல ஒரு மெல்லிய நிழல், ஹெட்லைட்டிலிருந்து கண்ணாடி வரை. கதவுக்குப் பின்னால் உடம்பு லேசாக எழும்பும் இடமும் அப்படித்தான், அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தோம். "இந்தக் கோடு தெரியணும்பா" என்றாள். வெளிர் நிறம் என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. ஜாஸ்மின் மஞ்சளும் ஓட்டத்தில் இருந்தது, ஆனால் தெருவிளக்கில் அது சோகை பிடித்துத் தெரிந்தது.

நானாக ஒரு நீலத்தைக் கலக்கச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ட்ரையம்ஃப் அட்டையில் இருந்த எண் 26, வெட்ஜ்வுட் ப்ளூவைத்தான் எடுத்தேன். பிறந்த நிறத்தை விட்டாலும் வண்டி தன் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது. மெட்டாலிக் வேண்டுமா என்று கடையில் கேட்டார்கள், உடனே மறுத்துவிட்டேன். மெட்டாலிக்கில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டுப் போட்டது தெரியாமல் சரிசெய்வது கஷ்டம். சாலிட் கலர் என்றால் கல்மண்டபம் நெரிசலில் யாராவது உரசினாலும் பயமில்லை.

செலவு கூடுதல்தான். ஸ்பிட்ஃபயரில் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் இருக்கும் குழி மொத்தமும் வெளியே தெரியும். அங்கே சிவப்பை விட்டுவிட்டு மேலே நீலம் அடித்தால் பார்க்கச் சகிக்காது. எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார் அண்ணன், இறக்கியாயிற்று.

பெயிண்ட் என்.சி.யா (நைட்ரோசெல்லுலோஸ்) பி.யூ.வா (பாலியூரித்தேன்) என்பதில் மட்டும் அவருக்கும் எனக்கும் இன்னும் பேச்சு ஓடுகிறது. என்.சி. தேய்த்துப் பாலிஷ் போட்டால் வரும் மென்மையான மினுக்கம் பழைய வண்டிக்குப் பொருந்தும், ஆனால் ஈரக் காற்றில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், வெயிலுக்கும் சீக்கிரம் மங்கும். பி.யூ. உழைக்கும். அதைக் கெட்டியாக்கக் கலக்கும் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, அதனால் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கக்கூடாது, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் வேண்டும். அதை நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓயட்டும் என்கிறார். பொங்கல் கழிந்து, கடல்காற்று இறங்குவதற்கு முன்னால், காலையிலேயே அடிக்க வேண்டுமாம். அதற்குள் மடக்குக் கூரைக்குக் கறுப்புத் துணியா பழுப்பா என்று நானும் மகளும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நான் கறுப்புக் கட்சி.