கூலி இல்லாத நெசவு: சியாட்டிலில் ஒரு தறிக்காரர் கூட்டம்

சியாட்டில் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வழக்கமான சுற்று உண்டு. ஸ்பேஸ் நீடில், பைக் பிளேஸ் மார்க்கெட்டில் மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வேடிக்கை, ஸ்னோக்வால்மி அருவி, வெயில் அடித்தால் ரெய்னியர் மலை, சனிக்கிழமையானால் காஸ்ட்கோ. நானும் அத்தனையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஏற்கனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சியாட்டில் வீவர்ஸ் கில்ட் என்ற நெசவாளர் சங்கத்தைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. அப்பா பெட்ஷீட் நெய்தவர். படித்து வாத்தியார் வேலைக்குப் போகும்வரை நான் தார் சுற்றாத நாள் குறைவு; குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றும் வேலை அது. அது தெரிந்துதான் மகள் ஒருநாள், "அம்மா, இங்க தறி நெய்யறவங்களுக்கு ஒரு சங்கம் இருக்குதாம், போலாமா?" என்றாள். "சங்கம்னா சொசைட்டியா? நூல் எல்லாம் குடுத்துக் கூலி போடுவாங்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாளே ஒழிய பதில் சொல்லவில்லை.

ரெட்மண்டில் பஸ் ஏறி, வாஷிங்டன் ஏரியின் மிதக்கும் பாலத்தைத் தாண்டி (2016-இல் திறந்தது, சுமார் 2.3 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான மிதவைப் பாலம் என்கிறார்கள்), இன்னொரு பஸ் மாறி கேபிடல் ஹில் மேட்டில் இறங்கினோம். கூட்டம் நடப்பது செயின்ட் மார்க்ஸ் பேராலயத்தின் அரங்கில். பெரிய சதுரப் பெட்டி போல நிற்கும் கட்டடம். கட்டிக்கொண்டிருந்தபோதே பொருளாதாரப் பெருமந்தம் வந்து காசு தீர்ந்துபோனதால், போட்ட திட்டப்படி முடிக்காமல் 1931-இல் திறந்துவிட்டார்களாம். அப்புறம் கடன் கட்ட முடியாமல் கோயிலே ஜப்திக்குப் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் அதில் பயிற்சி நடத்தியிருக்கிறது. உள்ளே சுவர்கள் இன்றைக்கும் பூசாத காங்கிரீட்டாகத்தான் இருக்கின்றன. எனக்கு அது பிடித்திருந்தது.

சங்கம் 1937-இல் தொடங்கியது. செப்டம்பர் முதல் மே வரை மாதம் ஒரு வியாழக்கிழமை கூடுகிறார்கள். உள்ளே போனால் பெரும்பாலும் நரைத்த தலைகள், முக்கால்வாசி பெண்கள். ஆளுக்கொரு கப் காபி, மடியில் பின்னல் வேலை. மேடையில் ஒருவர் பேசும்போதுகூட யார் கையும் சும்மா இல்லை. ஒருவர் ராட்டையையே தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றி நூல் நூற்ற தலைமுறை நான். என் விரல் தானாக அசைந்தது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ஈரோடு என்றால் தெரியாதே என்று மெட்ராஸ் பக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பாவிடம் ஒரு மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை இருந்ததாம். ஒவ்வொரு சலவைக்கும் வேறு நிறமாகுமாம். கதை எனக்கும் தெரிந்ததுதான். 1958 வாக்கில் நியூயார்க் துணிக்கடைக்காரர்கள் நம் சாயம் போகும் கைத்தறித் துணியை வாங்கிச் சட்டை தைத்து விற்க, துவைத்தவர்கள் சண்டைக்கு வர, கடைசியில் 'சாயம் போகும், உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். சாயம் போனால் நம் ஊரில் சொசைட்டிக்காரர் துணியைத் திருப்பி மூஞ்சியில் எறிவார்.

கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, செய்ததைக் கொண்டுவந்து காட்டும் நேரம். வரிசையில் நின்று ஒவ்வொருவராக மைக் முன்னால் வருகிறார்கள். கைத்துண்டு, சால்வை, ஒரு சின்ன ஜமுக்காளம். என்ன நூல், என்ன சாயம், எங்கே தப்பு வந்தது என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறார்கள். ஒருவர் அவுரி ஊறலில் தோய்த்த நூல் ஏன் திட்டுத்திட்டாக வந்தது என்று விளக்கியபோது, ஐந்தாறு பேர் எழுந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் இப்படி யாராவது தொழில் ரகசியத்தை வெளியே சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அடுத்து வந்தவர் வெள்ளை மஃப்ளர் ஒன்றைக் காட்டி, அது தன் நாயின் முடி என்றார். சமோயெட் ஜாதி நாய். சீவும்போது உதிர்ந்ததைச் சேர்த்து நூற்றதாம். நான் முகம் சுளித்திருப்பேன் போல. பக்கத்துப் பெண்மணி என் காதருகே குனிந்து, "இந்த மண்ணுக்கு அது புதுசில்லை, பர்க் மியூசியம் போய்ப் பாருங்கள்" என்றார்.

போனோம். வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது பர்க். இந்தக் கடற்கரையின் சேலிஷ் பூர்வகுடிகள், வெள்ளைக்காரர் செம்மறி ஆட்டைக் கொண்டுவருவதற்கு வெகுகாலம் முன்பே கம்பளி நெய்தவர்கள். மலையாட்டு ரோமத்தோடு, கம்பளிக்காகவே ஒரு நாய் இனத்தை வளர்த்திருக்கிறார்கள். மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் தீவுகளில் தனியாக வைத்து, மீன் போட்டு வளர்த்து, ஆட்டுக்குக் கத்தரிப்பது போல முடி எடுத்திருக்கிறார்கள். 1792-இல் இங்கே கப்பலில் வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவர், ஒட்டக் கத்தரிக்கப்பட்ட அந்த நாய்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பின்னால் கப்பலில் மலிவான மில் கம்பளிகள் வந்தன, அம்மை முதலான நோய்கள் வந்தன, அவர்கள் பண்பாட்டையே முடக்கும் சட்டங்களும் வந்தன. நாய் இனமே அழிந்துபோனது. 'மட்டன்' என்று பெயர் வைத்த ஒரு நாயின் தோல் மட்டும் 1859 முதல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்து, இந்த இனம் 5,000 ஆண்டுகளுக்கு முன்பேகூட மற்ற நாய்களிலிருந்து பிரிந்திருக்கலாம் என்று 2023-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மில் துணி வந்து கைத்தறியைத் தின்ற கதை நமக்குப் பாடப்புத்தகத்திலேயே உண்டு. ஒரு மிருகத்தையும் சேர்த்துத் தின்றதை இங்கேதான் பார்த்தேன்.

சரி, பயிற்சிப் பட்டறைக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பக்கம் நெசவுச் சங்கங்கள் மாதக் கூட்டம் தவிர இரண்டு மூன்று நாள் பட்டறைகளும் நடத்துகின்றன. அப்படி ஒன்றில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க இடம் கிடைத்தது. கட்டணத்தை ரூபாயில் கணக்குப் போடக்கூடாது; போட்டால் தலை சுற்றும். ஆளுக்கொரு தறியைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கொலராடோவின் ஷாக்ட் கம்பெனி செய்யும் பேபி வுல்ஃப் என்ற தறி, பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றியபடியே மடங்குகிறது. அடியில் சக்கரம். எங்கள் அப்பாவின் தறிக்குழி வீட்டோடு பிறந்து வீட்டோடு கிடந்தது. தறியைத் தள்ளுவண்டி போல உருட்டி வருவதைப் பார்த்தால் மனுஷன் என்ன சொல்லியிருப்பாரோ.

முறை இதுதான். ஒவ்வொரு தறியிலும் ஒவ்வொரு தினுசுக்குப் பாவு கோத்து வைத்திருப்பார்கள். தறி நகராது, ஆள்தான் நகரவேண்டும். ஒரு தறியில் ஒரு சாண் நெய்துவிட்டு அடுத்த தறிக்கு மாறவேண்டும். எல்லாரும் எல்லாத் தறியிலும் நெய்து முடித்ததும் வெட்டிப் பங்கிட்டால், பத்துத் தறி இருந்தால் ஆளுக்குப் பத்து மாதிரித் துணி கிடைக்கும். அதைக் காகிதத்தில் ஒட்டி, குறிப்பெழுதி, கோப்பில் போட்டு வைக்கிறார்கள்.

என்னையும் ஒரு தறியில் உட்காரச் சொன்னார்கள். 'ஓவர்ஷாட்' என்ற தினுசு. பழைய அமெரிக்க வீடுகளில் போர்வைக்கு நெய்தது. அடித்துணி மெல்லிய வெள்ளைப் பருத்தி. அதன் மேல் நீலக் கம்பளி ஊடை (குறுக்கு நூல்) தாவித் தாவிப் பூவாக விழும். ஒரு ஓட்டம் கம்பளி, மறு ஓட்டம் பருத்தி, அதனால் ஊடையைக் கொண்டு ஓடும் நாடா இரண்டு. கயிறு இழுத்தால் நாடா ஓடும் தறிதான் எனக்குப் பழக்கம். இங்கே கையால் எறிந்து மறு கையால் பிடிக்கவேண்டும். வலது கால் மிதித்ததும் பாவு வாய் திறந்தது. நாடாவை விட்டேன், பிடித்தேன், ஊடையை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தேன். ஓரம் இழுபடாமல் நின்றது. சொல்லிக்கொடுத்தவர் என் அடியைக் கவனித்துவிட்டு, "எத்தனை வருஷமாக நெய்கிறீர்கள்?" என்றார். சின்ன வயதில் விட்டது என்று சொன்னால் நம்பவில்லை.

ஆனால் எனக்கு ஆசை வந்தது தறியைப் பார்த்து அல்ல. தறிக்கு மேலே குத்தி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து. கட்டம் போட்ட தாள். மேலே நாலு வரிசை: பாவின் எந்த இழை, இழையைத் தூக்கும் எந்த விழுதுக்குள் போகிறது என்று கறுப்புக் கட்டங்கள் காட்டும். ஓரத்தில் எந்த மிதியை எந்த வரிசையில் மிதிப்பது. மூலையில் சின்னச் சதுரத்தில் எந்த மிதிக்கு, விழுதுகளைத் தாங்கும் எந்தச் சட்டம் கட்டியிருக்கிறது என்ற விவரம். அவ்வளவுதான். இந்தத் தாள் ஒன்று இருந்தால் சியாட்டிலில் நெய்ததை நார்வேயில் ஒருவர் அப்படியே நெய்துவிடலாம். சங்கத்தின் நூலகத்தில் இப்படிப்பட்ட தாள்களும் புத்தகங்களும் மாதிரித் துணிகளும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பியதில் மேரி மெக்ஸ் அட்வாட்டர் என்ற பெண்ணுக்குப் பெரிய பங்கு. மொன்டானா மாநிலத்தில் பேசின் என்ற சுரங்க ஊரில் இருந்தவர். அங்குள்ள பெண்களுக்கு ஒரு வேலையாகட்டும் என்று தறி போட்டு, பழைய போர்வைகளின் தினுசுகளைத் தேடித் தாளில் இறக்கி, 1920களில் தபால் வழியாகவே நெசவுப் பாடம் நடத்தினார். தறிச்சத்தமே கேட்காத ஊர்களிலும் அதைப் படித்து நெய்தவர்கள் உண்டு.

எங்கள் ஊரிலும் பூ விழ வைக்கும் ஜக்கார்டு தறிக்கு ஓட்டை அட்டை அடிப்பவர் தாளில் படம் போட்டுத்தான் அடிப்பார். ஆனால் அந்தத் தாள் அவர் பெட்டியில் இருக்கும். கட்டம் எப்படிப் போடுவது, எத்தனை இழைக்கு நிறம் மாற்றுவது என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருந்தது. அவரோடு போய்விட்டது.

அதே சமயம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். இவர்கள் யாருக்கும் நெய்துதான் அடுப்பெரிய வேண்டும் என்பதில்லை. பென்ஷன் வருகிறது, வீடு இருக்கிறது, தறிக்கென்று தனி அறை இருக்கிறது. லண்டன் நெசவாளர் கில்டுக்கு 1155-இல் ராஜாவே சாசனம் கொடுத்தார். அந்தக் காலத்துக் கில்ட் யார் நெய்யலாம், யார் நெய்யக்கூடாது என்று தொழிலைக் கட்டி ஆண்டது. இவர்கள் அந்தப் பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நூற்பது, சாயம் போடுவது, பாவு ஓட்டுவது, நெய்வது எல்லாம் ஒரே ஆள், அவசரமும் கிடையாது. அக்டோபர் கடைசியில் விற்பனைக் கண்காட்சி போடுகிறார்கள். கைத்துண்டு ஒன்றுக்கு அவர்கள் வைக்கிற விலையைச் சொன்னால் சென்னிமலையில் சிரிப்பார்கள், அப்புறம் கொஞ்சம் அழுவார்கள். அந்த விலையும் மெனக்கெட்ட நேரத்துக்குக் கட்டாது என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் எங்கள் கணக்கைச் சொன்னேன்: தார் சுற்றுகிற பெண்ணுக்குத் தனிக் கூலி கிடையாது, எல்லாம் புருஷனின் நெசவுக் கூலிக்குள் அடக்கம். "அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். நான் இரண்டு கையையும் விரித்தேன். அந்த மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மாதக் கூட்டம் கிடையாது, நம் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறோம், அதனால் டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் மகனையோ மகளையோ விட்டு ஒரு மெயில் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் முறுக்குக்குப் பக்கத்தில் ஒரு கைத்தறித் துண்டு வையுங்கள். நான் கொண்டுபோன சென்னிமலைப் போர்வையை நாலு பேர் திருப்பிப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணினார்கள். ஒருவர் அதன் கட்டத்தைத் தாளில் இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக, ஆனால் எனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றேன்.