ஒரு நினைவுக்கல்லுக்காக ஒன்றரை ஆண்டு

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு யூதப் பெண்மணிக்கு நினைவுக்கல் பதிக்கும் வேலை, ஒன்றரை ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு சென்ற வாரம் நிறைவேறியது. நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் நினைவாக நடைபாதையில் பதிக்கும் ‘ஷ்டோல்பர்ஷ்டைன்’ கற்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்; சிற்பி குந்தர் டெம்னிக் 1992இல் தொடங்கியது அது. ஒரு லட்சமாவது கல் 2023 மே மாதம் நியூரம்பெர்கில் பதிக்கப்பட்டது. அண்டை வீட்டார் சேர்ந்து பணம் திரட்டியதிலும் உறவினர்களின் சம்மதம் பெற்றதிலும் சிக்கல் இல்லை. எங்களை அலைக்கழித்தவை முகவரியும் பெயரும்தான்.

இறந்தவர் தாமே விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டின் முன்னால்தான் இந்தக் கல்லைப் பதிப்பது வழக்கம். நாங்களோ அவருடைய பழைய குடியிருப்புப் பதிவு அட்டையில் கடைசியாக இருந்த முகவரியை அப்படியே விண்ணப்பத்தில் எழுதிவிட்டோம். யூதர்களைச் சொந்த வீடுகளிலிருந்து வெளியேற்றி, அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கி வைத்திருந்த ‘யூதர் வீடு’களில் அதுவும் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய முகவரியைக் கொண்டு போனபோது, அலுவலர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, அந்தத் தெருவில் அப்படியொரு கதவு எண் இல்லை என்று இருமுறை திருப்பி அனுப்பினார். போருக்குப் பின் கதவு எண்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு நான்கு மாதங்கள் மிஞ்சியிருக்கும். இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் நகர ஆவணக் காப்பகத்துக்குச் சென்று, 1930களின் முகவரிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் குறுக்குத் தெருவுக்கு அடுத்து எந்த வீடு என்பதுவரை அதில் இருந்ததால்தான் எங்களால் அந்த வீட்டை அடையாளம் காண முடிந்தது.

பெயரில் நேரவிருந்த பிழை இதைவிடக் கொடியது. அட்டையில் அவருடைய பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே, வேறு மையில், இடுக்கி எழுதியதுபோல ‘சாரா’ என்று இருந்தது. நாங்கள் அதையும் சேர்த்தே படிவத்தில் எழுதியிருந்தோம். யூதப் பெண்கள் ‘சாரா’ என்றும் ஆண்கள் ‘இஸ்ராயேல்’ என்றும் கூடுதல் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1939 ஜனவரி முதல் நாஜி அரசு கட்டாயப்படுத்தியதைக் காப்பகத்தில் ஒரு முதிய தன்னார்வலர்தான் எடுத்துச் சொன்னார். கொன்றவர்கள் ஒட்டிய பெயரை நாங்களே பித்தளையில் பொறிக்கக் கொடுக்க இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அட்டையில் இருப்பதைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிடாமல் எதையும் அனுப்பிவிடாதீர்கள்.

பதிக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு. கையால் ஒவ்வொன்றாக அடித்த எழுத்துகளின் பள்ளங்களில் சிக்கியிருந்த மணலைத் தூரிகையால் தட்டிவிட்டுக் குனிந்து படித்தோம். ‘இங்கே வாழ்ந்தார்’ என்ற வரிக்குக் கீழே அவருடைய பெயரும் குடும்பப் பெயரும் மட்டும் இருந்தன. நடுவில் வேறு எந்தச் சொல்லும் இல்லை.