நான் சொன்ன இடத்தில் வண்டி நின்றது

கல்யாணமாகி பள்ளத்தூருக்கு வந்த நாளிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். திதி கொடுக்க, காசிக்குப் போய்வந்தவர்களோடு, சொந்தத்தில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். எப்போதும் வேன்தான். எங்கே நிறுத்துவது என்பதை டிரைவர் சொல்வார், இல்லையென்றால் முன் சீட்டில் இருக்கிற பெரியவர் சொல்வார். பின்னால் இருக்கிற பெண்கள் ராமநாதபுரம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் போவோம். குடித்தால் இறங்க வேண்டியிருக்கும், இறங்கினால் நேரமாகிறது என்பார்கள்.

மாசியில் முகூர்த்தம் இல்லாத ஒரு வாரம் கிடைத்தது. அதே சாலையில் என் ஸ்ப்ளெண்டரில் தனியாகப் போய் ஒரு இரவு தங்கிவிட்டு வந்தேன். தனுஷ்கோடி வரை, போகும் தூரம் மட்டும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். கியர் இல்லாத டிவிஎஸ் எக்ஸெல்லை நன்றாக ஓட்டிக்கொண்டு, கியர் வண்டியைப் பார்த்தால் மட்டும் ஒதுங்குகிற என் வயதுப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் பலகாரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம். கல்யாண வீடுகளுக்கு டின் டின்னாக டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் வருஷக்கணக்காக ஓடியிருக்கிறேன். ஆனால் கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட்டு, ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி, புதிதாக எடுத்தேன். கிளட்ச் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே சட்டியின் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். இன்ஜினும் அப்படித்தான் பேசுகிறது. கியரை மாற்றச் சொல்லி அது கேட்பது காதில் விழத் தொடங்கியதும், மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, தொய்வைச் சரிசெய்து, இரண்டு பிரேக்கையும் பார்த்து, காற்று அடித்து, ஆயில் மாற்றினார். மாற்றுக் கிளட்ச் கேபிள் ஒன்றும் ஸ்பார்க் பிளக் ஒன்றும் பையில் போட்டுக் கொடுத்தார். "ஆச்சி, அறுபதுக்கு மேல முறுக்காதீங்க. வண்டிக்காகச் சொல்லல, உங்க கைக்காகச் சொல்றேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கி நடங்க. அலுப்பு வந்த பெறகு நிறுத்துறதுல பிரயோசனம் இல்ல, வர்றதுக்கு முன்னாடி நிறுத்தணும்" என்றார். நீண்ட பயணம் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

சேலையில் போகவில்லை, சுடிதார்தான். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். காற்றில் பறக்கிற துணி எதுவும் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, அதனால் தாழ்வாகப் பின்னிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். காலில் கணுக்காலை மூடுகிற ஷூ. பையைப் பின் சீட்டில் எலாஸ்டிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கையால் ஆட்டிப் பார்த்து, கயிற்றின் நுனி தொங்காமல் செருகினேன். சாமான் கட்டுவதில் பலகாரக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மாமியாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வேன்ல கூட்டத்தோட போயிட்டு வந்தா என்னாத்தா?" என்று கேட்டார்கள். "கூட்டத்தோட போயிருக்கேன்ல அயித்தை" என்றேன். கொஞ்ச நேரம் வளவில், வீட்டு நடு முற்றத்தில், தூணைச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தானாகவே, "எங்க ஐயா மாட்டு வண்டி கட்டித்தான் போவாக. வெயில் ஏறுனா எங்கயாச்சும் ஊருணிக் கரையில அவுத்துப் போட்ருவாக. மாடு எளைப்பாறுற வரைக்கும் அப்பிடியே கெடப்பாகளாம்" என்றார்கள். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு டப்பாவில் சீடை போட்டுக்கொண்டு வந்து தந்தார்கள்.

விடிவதற்கு முன்னால் கிளம்பவில்லை. இருட்டில் முதல் நெடும்பயணம் வேண்டாம் என்பது என் முடிவு. மாடும் ஆடும் சாலையில் படுத்திருக்கிற நேரம் அது. வெளிச்சம் வந்தபின் கோட்டையூர், காரைக்குடி தாண்டி, அமராவதிபுதூர், தேவகோட்டை ரஸ்தா. இதுவரைக்கும் என் தினசரிச் சாலைதான், ஒவ்வொரு வேகத்தடையும் தெரியும். தேவகோட்டை தாண்டியதும்தான் புதிதாகத் தொடங்கியது. செம்மண் மெல்ல வெளுத்து, பெரிய வீடுகள் மறைந்து, இரண்டு பக்கமும் கருவேலும் கண்மாயுமாக நிலம் படுத்துவிடுகிறது. இடது கண்ணோரம் சூரியன் ஏறிக்கொண்டே வந்தது.

எதிரே வருகிற பஸ்ஸின் காற்று முதலில் நெஞ்சில் அறையும். அப்போது கைப்பிடியை இறுக்கினால் வண்டி ஆடும். முழங்கால் இரண்டாலும் டேங்கைக் கவ்வி, கையைத் தளர்த்தினால் அது தன்பாட்டுக்கு நேராகப் போகிறது. வண்டியைப் பிடிப்பது காலும் இடுப்பும்தான் என்பது உடம்புக்குப் புரிந்த இடம் திருவாடானைக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குப் பிறகு தோள் வலிக்கவில்லை.

திருவாடானையில் இறங்கினேன். சம்பந்தர் பாடிய தலம், வேனில் போகும்போது கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. இந்த முறை ஆதிரத்தினேஸ்வரர் முன்னால் நின்று கும்பிட்டு, தெப்பக்குளத்துப் பக்கம் நடந்து, டீ குடித்தேன். யாரும் மணி பார்க்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால், வேனில் பின் சீட்டில் போன எல்லாப் பெண்களுக்கும் புரியும்.

அங்கிருந்து சின்னக்கீரமங்கலம், பிறகு ஆர்.எஸ்.மங்கலம் என்கிற ராஜசிங்கமங்கலம். அந்த ஊர்க் கண்மாயைப் பற்றி 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். நாரையே பறந்து கடக்க முடியாத அகலம், 48 மடை. பாண்டியர் காலத்து ஏரி. எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்திருக்கிறேன், கண்மாயைப் பார்த்ததில்லை. சாலையை விட்டுக் கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். மாசியிலும் தண்ணீர் கிடந்தது. அக்கரை தெரியவில்லை, வெயிலில் வெள்ளையாக ஒரு கோடுதான். நாரைகள் அங்கங்கே சும்மா நின்றன. மழை பொய்க்கிற சீமையில் இவ்வளவு தண்ணீரைத் தேக்கி, மடை மடையாகப் பிரித்து வயலுக்குக் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து சீடையைத் தின்றேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். பங்கில் குடிதண்ணீரும் கழிப்பறையும் இலவசக் காற்றும் இருக்க வேண்டும் என்பது விதி. நான் போகாமல் நின்றேன். அவர் வந்தார், சாவி வந்தது. பெண்கள் வண்டி எடுத்துக்கொண்டு தூரம் போகாததற்குப் பயம் காரணம் என்கிறார்கள். பாதிக் காரணம் இந்தப் பூட்டு.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லையும் நவபாஷாணம் என்று கும்பிடுவோம். அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ராமநாதபுரத்தில் சாப்பிட்டு, வெயில் தணிகிற வரை ஒரு மர நிழலில் இருந்தேன். உச்சிப்புளி தாண்டியதும் பனையும் மணலுமாகிவிட்டது.

இந்தப் பயணத்தில் நிற்க ஆசைப்பட்டும் நிற்காமல் போன ஒரே இடம் பாம்பன் பாலம். 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறந்த சாலைப் பாலம் அது. அதற்கு முன்னால் தீவுக்கு ரயில் இல்லையென்றால் படகு. மாமியார் சின்ன வயதில் ரயிலில்தான் போயிருக்கிறார்கள், கடல் காலடியில் ஓடுவதைப் பார்த்து அழுதேன் என்பார்கள். 1914இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டு இப்போது ரயில் ஓடுகிறது. எல்லாரும் சாலைப் பாலத்து ஓரத்தில் வண்டியைப் போட்டுவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அங்கே நிறுத்தக் கூடாது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் கிடையாது. பாலம் நடுவில் உயர்ந்து இறங்குகிறது, உயரம் கூடக் கூடப் பக்கக்காற்று வண்டியைத் தள்ளுகிறது. மூன்றாம் கியருக்கு வந்து, காற்று வருகிற பக்கம் லேசாகச் சாய்ந்து, பார்வையைத் தூரத்தில் வைத்தேன். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். ஆடியில் வீசுகிற காற்றுக்கு இது எவ்வளவோ தேவலை என்று பாம்பனில் டீக்கடைக்காரர் சொன்னார். பாலம் முடிந்து அவர் கடையில் உட்கார்ந்தபோதுதான் உள்ளங்கை வேர்த்திருந்தது தெரிந்தது.

ராமேஸ்வரத்தில் எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) விடுதியில் தங்கினேன். "கூட யாரு வந்திருக்காக?" என்று கேட்டார்கள். "வண்டி" என்றேன். உள்ளே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த இடம் கொடுத்தார்கள். கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தைக் கட்டி முடித்தது தேவகோட்டை நகரத்தார் குடும்பம். அன்று காலையில் தேவகோட்டையைத் தாண்டி வந்த கணக்கு காலிலும் முதுகிலும் இருந்ததால், அங்கிருந்து இங்கே வந்து இவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்களுடைய தூரம் எனக்கு முதல் முறையாக உறைத்தது.

மறுநாள் காலை தனுஷ்கோடி. சாலையில் மணல் ஏறிக் கிடக்கும், அதுதான் கவனிக்க வேண்டியது. மணலில் முன்பிரேக்கைத் தொடக் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. ஆக்சிலேட்டரைக் குறைத்து நேராகக் கடந்துவிட வேண்டும். இடிந்த தேவாலயத்தின் பக்கத்தில் இறங்கினேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போயிற்று, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் ஆட்களோடு போயிற்று. அங்கே அதிக நேரம் நிற்க எனக்கு முடியவில்லை. அரிச்சல்முனை வரை போய், இரண்டு கடலும் சேர்கிற இடத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

திரும்பும்போதுதான் நான் மறக்க முடியாத நிறுத்தம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் சாலையோரத்துக் களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ராமநாதபுரத்து முண்டு மிளகாய், உருண்டையாகச் சின்னதாக இருக்கும், தோல் தடிப்பு, குழம்புக்கு நிறம் கொடுக்கும். நேராகக் களத்திலேயே வாங்கலாமே என்று வண்டியை ஓரம் கட்டினேன். காம்பு பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தார்கள்.

"நீங்களா ஓட்டிட்டு வந்தீக? கியரு போட்டா?"

"ஆமா. ராமேஸ்வரத்துலேருந்து."

ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், எழுந்து வந்தாள். தோட்டத்துக்கும் சந்தைக்கும் எக்ஸெல்தான் ஓட்டுகிறாளாம். வீட்டுக்காரர் வண்டி சும்மாதான் நிற்கிறது, "எனக்கு இது வராதுக்கா" என்றாள். வரும் என்று சொன்னேன். ஏறி உட்காரச் சொன்னேன். இன்ஜினைப் போடாமலேயே இடது கையில் கிளட்சை மெதுவாக விட்டுப் பழகச் சொல்லி, நான்கு கியரும் முன்னால் மிதித்தால் விழும் என்று காலைப் பிடித்துக் காட்டினேன். மற்றவர்கள் மிளகாயை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பிறகு இன்ஜினைப் போட்டோம். களத்து ஓரத்து மண்பாதையில் முதல் கியரில், நான் பக்கத்தில் நடந்துவர, ஒரு முறை அணையாமல் போய் வந்தாள். இறங்கியபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. மிளகாய்க்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், அவளுக்கு அது ஒரு வருஷத்து உழைப்பு. எல்எல்ஆர் எங்கே போட வேண்டும், என்ன பேப்பர் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்த மறுநாளே வண்டியைக் கழுவினேன். கடல் காற்றின் உப்பைச் செயினிலும் ஆணிகளிலும் விட்டு வைத்தால் துரு பிடிக்கும். கழுவி உலர்த்தி எண்ணெய் விட வேண்டும். தனுஷ்கோடி போகிறவர்கள் இதை ஒத்திப் போடாதீர்கள்.

அடுத்து பழனி. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து எங்கள் நகரத்தார் நடந்து போகிற அதே வழி, குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக. முகூர்த்தக் காலம் முடிந்ததும் கிளம்புவேன். அந்தச் சாலையில், பெண்கள் கழிப்பறையைப் பூட்டாமல் வைத்திருக்கிற பங்க் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருந்தால் ரொம்ப நல்லது.