அம்மம்மாவின் நிறப்பெட்டி

1979இல் எங்களுக்குச் சமூகக்கல்வி படிப்பித்த ரீச்சர் ஒருநாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆண்பிள்ளைகள் இருந்த பக்கம் பார்த்து, "இண்டைக்குக் காலமை சாப்பிட்ட கோப்பையை ஆர் கழுவினது?" என்று கேட்டார். கலவன் பாடசாலை, நாங்கள் பத்தொன்பது பேர். ஒரு கைகூட உயரவில்லை. பெண்பிள்ளைகளிடம் அவர் கேட்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி 1931 என்று எழுதினார்.

இலங்கையில் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வந்த ஆண்டு. சர்வசன வாக்குரிமைப் பாடம் அது. சோதனைக்கு இரண்டு வரி போதும். ஆனால் ரீச்சர் அதை இரண்டு கிழமைக்கு இழுத்தார். நாட்டின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்த நேரம், 1927 டிசம்பரில், கொழும்பில் பெண்கள் கூடி வாக்குரிமைச் சங்கம் அமைத்ததைச் சொன்னார். அக்னஸ் டி சில்வாவும் மற்றவர்களும் ஆணைக்குழுவின் முன் போய் வாதாடியதைச் சொன்னார். 30 வயது தாண்டிய பெண்களுக்கு மட்டும் என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது, கடைசியில் ஆண்களுக்குப் போலவே 21 ஆனது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தவர் என்று அவர் சொன்னபோது வகுப்பில் ஒரு சலசலப்பு. 1913இல் மருதனார்மடத்தில் அவர் நிறுவிய பெண்கள் கல்லூரியில் படித்த தாய்மாரின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். "படிப்புக் குடுத்தவரே வாக்குக் குடுக்க வேண்டாம் எண்டவரோ ரீச்சர்?" என்று ஒருத்தி எழும்பிக் கேட்டாள். "ஓம். ரெண்டும் ஒரே ஆள்தான். ரெண்டையும் கொப்பியிலை எழுதுங்கோ" என்றார். ஒரு பெரிய மனிதரை மதித்துக்கொண்டே அவர் விட்ட பிழையையும் சொல்லலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் வீட்டுவேலை தந்தார். உங்கள் வீட்டில் முதன்முதல் வாக்களித்த பெண் யார், எந்த ஆண்டு என்று கேட்டு வரவேண்டும்.

அம்மம்மா, "முப்பத்தி நாலிலை" என்றார். மறதி என்று நினைத்தேன். மறதி இல்லை. 1931 தேர்தலைப் புறக்கணிக்கும்படி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கேட்டதால் வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 1932இல் நேசம் சரவணமுத்து என்ற பெண் கொழும்பு வடக்கிலிருந்து, அந்தக் காலத்துச் சட்டசபையான அரசாங்க சபைக்கே போய்விட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதுவரை வாக்குச்சீட்டைத் தொட்டதுகூட இல்லை. சுயராச்சியம் கேட்டுத்தான் புறக்கணித்தார்கள், அந்த நோக்கத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அப்போதுதான் கிடைத்த உரிமையைத் தள்ளிவைக்கச் சம்மதமா என்று அந்தப் பெண்களை யார் கேட்டார்கள்?

அந்தக் காலத்தில் வேட்பாளருக்குச் சின்னம் இல்லை, ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. மாட்டுவண்டிலில் போகும்போது அம்மப்பா நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கிவிட்டாராம். "உள்ளை போனாப் பிறகு ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான். அவர் சொன்ன பெட்டியிலை நான் போடேல்லையடா" என்று குரலைத் தணித்துச் சொன்னார். அம்மப்பா செத்துப் பன்னிரண்டு வருடமாகியும் குரலைத் தணித்தார். 45 வருடம் யாருக்கும் சொல்லாத விஷயம். எந்த நிறம் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். சொல்லவே இல்லை.

அன்று இரவு என் கோப்பையை நானே கழுவப் போனேன். அம்மா பறித்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும் போனேன். நாலாம் நாள் போகவில்லை.

'அவள் ஒரு தொடர்கதை' எங்கள் பக்கத் தியேட்டருக்கு வந்தபோது அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது. வீடு முழுவதையும் ஒருத்தியாக உழைத்துக் காப்பாற்றும் பெண்ணாகச் சுஜாதா நடித்த, 1974இல் கே. பாலசந்தர் எடுத்த படம். அவளின் தியாகத்தை நாங்கள் எல்லோரும் புகழ்ந்தோம். ரீச்சர் மட்டும், "அவளின்ரை தமையன் ஏன் வேலைக்குப் போகேல்லை எண்டு ஆராவது அழுதனீங்களோ?" என்று கேட்டார். குடித்துத் திரியும் அந்தத் தமையன்மேல் படத்துக்கே கோபம் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அது ஒட்டவில்லை.

1984இல் என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப அம்மா தன் சீதனக் காணியை விற்றார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கணவன் நியாயமில்லாமல் மறுத்தால் நீதிமன்றம் போகலாம், ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பெண் போவாள்? உறுதி அம்மாவின் பெயரில். அவருக்கு அவரின் தாய் கொடுத்தது, அந்த அம்மம்மாதான். உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டில் எல்லோரும் அப்பாவின் பேனையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்பா ஒரு நிமிடமும் யோசிக்காமல் கையெழுத்து வைத்தார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்தபடியால்தான் நான் வந்து சேர்ந்தேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. வேறொரு வீட்டில் அதே பேனை அசையாமல் இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் காணி தங்கச்சிக்கு என்று வைத்திருந்தது. எங்கள் ஊரில் தாயின் சீதனம் மகளுக்குத்தான் போகும். அவளும் அதே ரீச்சரிடம் படித்தவள், அப்போது பத்தொன்பது வயது. நொத்தாரிசு வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போகவில்லை. அவளை ஒருவரும் கேட்கவில்லை. வாக்குரிமைப் பாடத்துக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்த நானும் கேட்கவில்லை. பிறகு உழைத்து அனுப்பினேன், அவளின் கலியாணமும் நன்றாக நடந்தது. அது வேறு கணக்கு.

சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லிக் கேட்டதும் முதல் வேலையாகத் தங்கச்சிக்குத்தான் ஃபோன் எடுத்தேன். நாற்பது வருடத்தில் முதல்தடவையாக அந்தக் காணிக் கதையைத் தொடக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன் அண்ணா," என்றாள். "கேட்டிருக்கலாம்."