அம்மாவின் நாய்க்கு அனுமதி வாங்கிய கதை

அம்மா எங்களோடு வந்து தங்கியபோது அவருடைய 12 வயது நாயும் கூடவே வந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய், ஒரு பூனை. எங்கள் பகுதி விதிப்படி வீட்டுக்கு மூன்று செல்லப்பிராணிகள்தான்.

அம்மா பெயரில் நாய்க்குத் தனி உரிமம் எடுத்துவிடலாம் என்று நம்பி, உரிமம் தரும் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கணக்கு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஒன்றை யாருக்காவது கொடுத்துட்டு வாங்க." அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் விதியை முழுசாகப் படித்தேன். மூன்றுக்கு மேல் வளர்க்க விலக்கு மனு போடலாம் என்று அதிலேயே இருக்கிறது! கவுன்ட்டரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தயவுசெய்து வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வராதீர்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊரில் குட்டிகள் கணக்கில் சேருமா, எந்த வயதிலிருந்து, தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் பிராணி சேருமா என்பதையும் விதியிலேயே பாருங்கள். ஊருக்கு ஊர் மாறும்.

தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, அக்கம்பக்கத்தார் கையெழுத்து எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. ஆனாலும் மனு திரும்பி வந்தது. மைக்ரோசிப் (பிராணியின் தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சிப்) எண்ணுக்கு 15 இலக்கம் வேண்டும்; அம்மாவின் நாயுடைய பழைய அட்டையில் 14தான். எழுதும்போது யாரோ ஒரு பூஜ்யத்தை விட்டிருக்கிறார்கள். சரி, ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்று மருத்துவரிடம் போனால், தோள்பட்டைகளுக்கு நடுவே கருவி சத்தமே போடவில்லை. சிப்பே இல்லையோ என்று பதறிவிட்டேன். மருத்துவர் நிதானமாகக் கழுத்து, விலா என்று நகர்த்திக்கொண்டே வந்தார். இடது முன்னங்காலின் மேல்பக்கம் 'பீப்' என்றது. நாளாக ஆக சிப் தோலுக்கடியில் நகர்வது உண்டாம். வயதான பிராணி என்றால் உடம்பு முழுக்கத் தேடச் சொல்லுங்கள். மனு கொடுப்பதற்கு முன்பே எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். எனக்கு இதிலேயே இரண்டு நாள் போனது.

அப்புறம் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுமதி இந்த நான்கு பிராணிகளுக்கு மட்டும். ஒன்று இறந்தால் அந்த இடத்தில் வேறு சேர்க்கக் கூடாது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். புது உரிம வில்லையை நாயின் கழுத்துப் பட்டையில் அம்மாவே மாட்டிவிட்டார்.